கிராணியம்மாவின் நொண்டி வேண்டுதல்

நிக்கலஸை லோஷினி கடித்துவிட்டாள் என்ற செய்தி கைப்பேசிக்கு வந்தபோது சுபத்ரா தோட்ட அலுவலகத்தில் காலைத் தேயிலைக் கொழுந்தின் எடையைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். செய்தியை இரண்டாம் முறை படித்தாள். டீச்சர் பெயர்களை இடம் மாற்றிப் போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தாள். கடித்தது நிக்கலஸாக இருக்க வேண்டும். கடிபட்டதுதான் தன் மகளாக இருக்க வேண்டும். ஆறு வயதில் பன்னிரண்டாம் வாய்ப்பாடுவரை சொல்கிற பிள்ளை யாரையாவது கடிக்குமா?

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் எல்லோருக்கும் சுபத்ரா ‘கிராணியம்மா’. முன்பெல்லாம் கிராணியின், அதாவது தோட்டக் கணக்கரின், மனைவிக்குத்தான் அந்தப் பெயர். இப்போது கிராணியே அவள்தான். அவள் கணவன் ஹரிதாஸ் கொழுந்து லோரி ஓட்டுகிறவன். “என்னைய கிராணியப்பான்னு கூப்பிட ஆள் இல்ல லா” என்று அவன் குறைபட்டுக்கொள்வான். ஆனால் அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

லோஷினியைப் பொறுத்தவரை சுபத்ராவுக்கு ஒரு திட்டம் இருந்தது. பிள்ளை டாக்டர். அதில் பேச்சே கிடையாது. வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் தேநீரை வாயில் வைப்பதற்குள் சுபத்ரா மகளைக் கூப்பிட்டு, “சிலாங்கூர் தலைநகரம் என்னா?” என்பாள். “ஷா ஆலாம்.” “பெர்லிஸ்?” “கங்கார்.” மாநிலங்கள் முடிந்தால் கோள்கள், கோள்கள் முடிந்தால் வாய்ப்பாடு. அதனால் அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தார்கள். சுபத்ரா அதைக் கவனிக்கவில்லை.

அலுவலகத்தில் சொல்லிவிட்டு அவள் பாலர் பள்ளிக்கு இறங்கிப் போனாள். வகுப்பறையின் ஒரு மூலையில் லோஷினி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எதிர் மூலையில் நிக்கலஸ் முழங்கைக்குக் கீழே ஒட்டியிருந்த பிளாஸ்திரியை மற்ற பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டிருந்தான். டீச்சர் கேத்லீன் தானா ராத்தா நகரத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிற இளம்பெண். எதையும் சிரித்த முகத்தோடு சொல்வாள். சுபத்ராவுக்கு அதுவே பிடிக்காது.

“பந்து விளையாட்டு, அக்கா” என்றாள் கேத்லீன். “பேர் சொல்லித் தூக்கிப் போடணும், பேர் வந்தவங்க புடிக்கணும். லோஷினி கைய நீட்டவே இல்ல. பந்து மூக்குல பட்டுச்சு. நிக்கலஸ் சிரிச்சான். இவ போய்க் கடிச்சிட்டா.”

“பந்த ஏன் டீச்சர் பிள்ளைங்க மூஞ்சிக்கு எறியிறீங்க?”

“பஞ்சுப் பந்துக்கா. வலிச்சிருக்காது. ஆனா அவளுக்கு அது எங்கேருந்தோ திடீர்னு வந்த மாதிரி இருந்திருக்கு.” கேத்லீன் ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டாள். சுபத்ரா உட்காரவில்லை. “நானே உங்களக் கூப்பிடணும்னு இருந்தேன். லோஷினிக்கு ஒத்தக் கால்ல நிக்க வரல. நொண்டி அடிக்க வரல. வரிசைல நின்னா முன்னால நிக்கிற பிள்ளை மேல போய் முட்டிக்கிறா. தன்னோட கையும் காலும் எங்க முடியுதுன்னு அவளுக்கு இன்னும் சரியாப் பிடிபடல. அதனால அடுத்த பிள்ளை எங்க ஆரம்பிக்குதுன்னும் தெரிய மாட்டேங்குது. எல்லாரும் தன்னை இடிக்கிறாங்கன்னு நினைச்சுக்கிறா. அவகூட யாரும் ஜோடி சேர மாட்டேங்கிறாங்க.”

“அவ எட்டாம் வாய்ப்பாட்ட தலைகீழா சொல்லுவா.”

“தெரியும்க்கா. எனக்கே சொல்லிக் காட்டினா. நான் கழிவறையில இருந்தேன், வெளிய நின்னு சொன்னா.”

சுபத்ராவுக்கு அதில் தவறு என்ன என்று புரியவில்லை.

“நொண்டி அடிக்கிறதும் படிப்புதான்க்கா” என்று கேத்லீன் விடாமல் சொன்னாள். “எப்பக் குதிக்கணும்னு முடிவு பண்ணணும். நம்ம முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும். விழுந்தா அழாம எந்திரிக்கணும். கால் மட்டுமா வேலை செய்யிது? மூளையும் மனசும் சேந்துதானே குதிக்குது.”

“டீச்சர், அவ என்னா சர்க்கஸ்லயா சேரப் போறா? டாக்டருக்குப் படிக்கப் போற பிள்ளை லா.”

“டாக்டரும் ஊசி போடுறப்ப கை எங்க போகுதுன்னு தெரிஞ்சுதானே போடணும்?”

சுபத்ராவுக்குக் கோபம் வந்தது. “ஒத்தக் கால்ல நிக்கிறதெல்லாம் ஒரு வித்தையா? யாருக்குத்தான் வராது?” என்று கேட்டவள், கைப்பையைத் தோளில் மாட்டியபடியே வலது காலைத் தூக்கினாள்.

ஒரு மூச்சு நேரம் நன்றாகத்தான் நின்றாள். பிறகு இடது முழங்கால் தனக்கென்று ஒரு கருத்து வைத்திருப்பதுபோல் வெளிப்பக்கமாக மடங்கியது. பிடித்துக்கொள்ள எதையாவது தேடி அவள் கை மேலே போனது. மேலே, பிள்ளைகள் வரைந்த படங்களைக் காயப் போட்டிருந்த கயிறு இருந்தது. கயிறும் படங்களும் கிராணியம்மாவும் ஒன்றாகக் கீழே வந்தார்கள். ஈரம் காயாத ஒரு மஞ்சள் யானை அவள் சட்டையில் அப்படியே பதிந்துவிட்டது.

வகுப்பு கைதட்டியது. “இன்னொரு தடவ, ஆன்ட்டி!” என்று ஒரு குரல் கேட்டது. அதற்கு மேலே ஒரு சிரிப்புச் சத்தம். சுபத்ரா நிமிர்ந்து பார்த்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த லோஷினி திரும்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதிர் மூலையில் நிக்கலஸும் சிரித்தான். இருவரும் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பகை நினைவுக்கு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அன்று மாலை வீட்டில் ஹரிதாஸ் நடந்ததை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டான். பிறகு, “சரி, நான் சொல்லித் தர்றேன். வெளாட்டுதானே?” என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரிங்லெட் திடலில் பந்து உதைக்கிறவன் அவன்.

“உங்களுக்குப் பந்து அடிக்கத் தெரியும். எதுக்கு அடிக்கிறோம்னு தெரியுமா?”

“கோல் போட.”

“பாத்தீங்களா? இதுக்குத்தான் நீங்க வேணாங்கிறேன்” என்றாள் சுபத்ரா. பாடம் என்று ஒன்று வந்துவிட்டால் அதை முறைப்படி படித்துத் தேர்வது அவள் வழக்கம். யூடியூபில் பந்து பிடிப்பது எப்படி என்று நான்கு நாட்டுக்காரர்கள் விளக்கியதைப் பார்த்துக் குறிப்பெடுத்தாள். வீட்டில் பந்து இல்லை. மலைக்குளிருக்கு வாங்கிய கம்பளிக் காலுறைகளைச் சுருட்டி ஒரு பந்து செய்தாள்.

“அம்மா, பந்து வர்றப்ப எந்தக் கைய மொதல்ல தூக்கணும்?” என்று கேட்டாள் லோஷினி.

“ரெண்டையும்.”

“கட்டைவிரல் எந்தப் பக்கம்மா?”

சுபத்ரா காணொளியை நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்த்தாள். அதற்குள் ஹரிதாஸ் போட்ட காலுறைப் பந்து மகளின் நெற்றியில் பட்டு, அங்கிருந்து தாயின் நெற்றிக்குப் போய், சோபாவுக்கு அடியில் உருண்டது.

“யோசிக்காமப் புடி, பாப்பா” என்றான் ஹரிதாஸ்.

“யோசிக்காம எப்டிப்பா புடிக்கிறது?” லோஷினியின் உதடு நடுங்கத் தொடங்கியது. “நான் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அது விழுந்துருது.”

சுபத்ரா மகளைப் பார்த்தாள். அவளுக்குத் தன் பள்ளி நாட்கள் நினைவுக்கு வந்தன. விளையாட்டு நேரத்தில் அணி பிரிக்கும்போது கடைசியாக மிஞ்சி நிற்கிற பெண் அவள்தான். வயிற்றுவலி என்று சொல்லி வகுப்பறையிலேயே இருந்துகொள்வாள். அப்படி இருந்த நேரமெல்லாம் படித்துத்தான் முதல் மாணவியாக வந்தாள். அது நல்லதுதான். ஆனால் அந்தக் காலத்துச் சிநேகிதி என்று சொல்ல இன்று அவளுக்கு ஒருத்தியும் இல்லை. பிள்ளைக்குத் தான் கொடுத்தது வாய்ப்பாடு மட்டும்தானா, வயிற்றுவலியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

முதலில் தான் கற்றுக்கொள்வது, பிறகு பிள்ளைக்குச் சொல்லித் தருவது என்று முடிவு செய்தாள். கிராணி வீட்டுக்குப் பின்னால் யாரும் புழங்காத ஒரு பழைய பேட்மிண்டன் களம் இருந்தது. சிமெண்ட்டில் பாசி படிந்து, கோடுகள் அழிந்து கிடக்கும். விடியற்காலையில் மூடுபனி அதைச் சுற்றி நாலு சுவர் எழுப்பியதுபோல் நிற்கும். யார் கண்ணிலும் படாமல் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

முதல் நாள் யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் நாளும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பனி சொல்லாமல் கொள்ளாமல் விலகியது.

பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, வேகமாகப் போய்க்கொண்டிருந்த வடிவம்மாளும் பார்பராவும் அப்படியே நின்றுவிட்டார்கள். எதிரே கிராணியம்மா. தலையைச் சுற்றிச் சால்வை. பயத்தில் இறுக மூடிய கண்கள். எண்ணிக்கை விட்டுவிடக் கூடாதே என்று முணுமுணுக்கிற உதடுகள். அந்தக் கோலத்தில் ஒற்றைக் காலில் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குதித்துக்கொண்டிருந்தாள்.

வடிவம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள். “ஆத்தாளுக்கு வேண்டுதலாம்மா?”

சுபத்ரா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். என் மகளுக்கு நொண்டி அடிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது, இந்த வயதில் பழகிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டவள், எடை போடும்போது தன் முன்னால் அடக்கமாக நிற்கிற வடிவம்மாள். பக்கத்தில் நிற்பவளோ நிக்கலஸின் தாய். அவளிடம் இன்னும் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

“ம்” என்றாள் சுபத்ரா.

அந்த ஒரு ‘ம்’ காலைத் தேநீர் வேளைக்குள் தோட்டம் முழுக்கப் போய்விட்டது. கிராணியம்மா பதவி உயர்வுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்றது மேல்லயத்து வரிசை வீடுகளின் பேச்சு. மதியத்துக்குள் அது இரண்டாவது பிள்ளை ஆணாகப் பிறக்க வேண்டும் என்று மாறியது. சாயங்காலம் ஹரிதாஸ் முகம் சிவந்து வீட்டுக்கு வந்தான்.

“சுபா, லோரில ஏறுற ஆளுங்க எல்லாம் என் தோளத் தட்டி, ‘விட்டுரு தம்பி, பொண்டாட்டி பாவம்’ங்கிறாங்க. எதை விடணும்னு கேட்டா, ‘ஒனக்கே தெரியும்’ங்கிறாங்க. நான் தீபாவளிக்கு ஒரு பீர் குடிக்கிறவன் லா!”

“கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கிங்க.”

“எதுக்குப் பொறுக்கணும்? உண்மையச் சொல்லிரு.”

“கிராணிக்கு நொண்டி வராதுன்னா சொல்றது?” என்றாள் சுபத்ரா. அந்தக் கேள்வியில் இருந்த வலி ஹரிதாஸுக்குப் புரிந்தது. குடிக்காத குடியை விடுவதாக மறுநாள் இரண்டு பேருக்கு வாக்குக்கூடக் கொடுத்தான்.

அடுத்த நாள் காலை களத்தில் வடிவம்மாள் அவளுக்கு முன்பே வந்து நின்றாள். “நீங்க தனியா அடிக்கிறீங்களேம்மா. என் முட்டி வலி போகணும்னு நானும் சேந்து வேண்டிக்கிட்டேன்.”

“முட்டி வலியோட எப்டி வடிவம்மா குதிப்பீங்க?”

“வலிக்கிற காலத் தூக்கிக்கிறேன். நல்ல கால்லதானே குதிக்கப் போறேன்?”

இந்தக் கணக்கில் சுபத்ராவால் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் கொழுந்து எடுக்கிற வேலம்மா வந்தாள். அதற்கடுத்த நாள் பார்பரா வந்தாள். “நாங்க வேதக்காரவங்க. இருந்தாலும் ஃபாதருக்குப் போன் போட்டுக் கேட்டேன். நொண்டி அடிக்கிறது பாவம்னு எங்கயும் எழுதலன்னு சொல்லிட்டாரு” என்றாள். வேலைக்குப் போகிற வழியில் ஆயாக் கொட்டகையில் விட வேண்டிய பிள்ளைகளையும் அவர்கள் கையோடு கூட்டி வந்திருந்தார்கள். நிக்கலஸும் அதில் ஒருவன். தாய்களுக்கு ஒரு பக்கம், பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் என்று களம் பிரிந்தது. லோஷினியை வீட்டில் தனியாக விட முடியாது. கம்பளிச் சட்டையோடு வந்து சுவரோரம் நின்றாள்.

வடிவம்மாளுக்குத் தனியாகக் குதிக்கத் தடுமாற்றமாக இருந்தது. அதனால் கிராணியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் தோளை வேலம்மா பிடித்தாள். அது ரயில்போல் ஆனது. அதைப் பார்த்துப் பிள்ளைகளும் ஒரு ரயில் செய்தார்கள். லோஷினியையும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது பிரியத்தால் அல்ல. ரயில் நீளமாக வேண்டும் என்பதற்காக.

“நான் அவளுக்கு முன்னால நிக்க மாட்டேன். கடிப்பா” என்றான் நிக்கலஸ்.

“அப்ப பின்னால நில்லு லா” என்றது ரயில்.

அவன் பின்னால் வந்து லோஷினியின் தோளில் கை வைத்ததும் அவள் உடம்பு விறைத்தது. முன்னால் நின்ற, வேலம்மாவின் மகளுடைய தோளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். “ஐயோ, வலிக்குது!” என்று அந்தப் பிள்ளை கத்த, லோஷினி பதறிக் கையை எடுக்க, ரயில் ஆடி, ஒருவர் மேல் ஒருவராக எல்லாப் பிள்ளைகளும் விழுந்தார்கள்.

லோஷினி அழுவதற்கு வாயைத் திறந்தாள். தன்னைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் எல்லோருமே விழுந்து கிடந்தார்கள். ஒருவனுடைய செருப்பு இன்னொருவன் தலையில் இருந்தது. இப்படி ஒரு விழுதல் அவளுக்குப் புதிது. வாயை மூடிக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

“இன்னொரு தடவ” என்றாள்.

சுபத்ரா அதைக் கேட்டாள். அவளும் அப்போது வடிவம்மாளுக்கு அடியில் கிடந்ததால் உடனே எழுந்து வந்து மகளைக் கட்டிக்கொள்ள முடியவில்லை.

அதன் பிறகு ரயில் தினமும் ஓடியது. எல்லோரும் ஒரே நேரத்தில் குதிக்காவிட்டால் ரயில் கவிழ்ந்துவிடும் என்பது பிள்ளைகளுக்குச் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. தாளம் வேண்டும். தாளத்துக்கு லோஷினியிடம் ஒரு சரக்கு இருந்தது. “ஓரேழ் ஏழு” என்று ஒரு குதி, “ஈரேழ் பதினாலு” என்று ஒரு குதி. பிள்ளைகள் சேர்ந்து கத்தினார்கள். அர்த்தம் தெரிந்து கத்தியவர்கள் குறைவு. ஆனால் சத்தம் தூரத்தில் இருக்கிற கோலா தெர்லா வரைக்கும் கேட்டிருக்கும்.

சிக்கல் நிக்கலஸால் வந்தது. “ஏழெட்டு அறுபது!” என்று அவன் முழங்கினான். லோஷினி அந்த இடத்திலேயே காலை ஊன்றித் திரும்பி, “தப்பு. அம்பத்தாறு” என்றாள். ரயில் கவிழ்ந்தது.

“நீ ஏன் நின்ன?” என்று எல்லோரும் அவளைத்தான் திட்டினார்கள்.

“அவன் தப்பாச் சொன்னான்!”

“சொல்லிட்டுப் போறான் லா! நீ குதி!”

லோஷினிக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. அம்மாவைப் பார்த்தாள். நியாயம் மகள் பக்கம்தான் என்று சுபத்ராவின் நாக்கு நுனிவரை வந்தது. ஐம்பத்தாறு ஐம்பத்தாறுதான், அதில் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது? ஆனால் ஏனோ அவள் வானத்தைப் பார்த்தாள்.

மறுநாளும் நிக்கலஸ் அறுபது என்றான். ரயில் கவிழ்ந்தது. அதற்கும் மறுநாள் அவன் அறுபது என்றபோது லோஷினியின் முகம் புளியைக் கடித்ததுபோல் சுருங்கியது. கழுத்து பாதி திரும்பியது. பிறகு அவள் உதட்டை மடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தாள். ரயில் களத்தின் கோடிவரை கவிழாமல் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். நிக்கலஸ் அவள் முதுகில் ஓங்கித் தட்டினான். அவள் திருப்பித் தட்டினாள். கடிக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில், “அம்மா, நிக்கலஸுக்கு நான் அப்புறமா தனியா சொல்லித் தர்றேன், யாரும் இல்லாதப்ப” என்றாள். மற்றவன் மனம் நோகாமல் சொல்ல ஒரு நேரம் உண்டு என்பது சுபத்ராவுக்கே முப்பத்தைந்து வயதுவரை தோன்றாத விஷயம்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கோயில் தலைவர் சிங்காரம் தோட்டத்து வாட்சப் குழுவில் ஒரு குரல்செய்தி போட்டார். அவருக்குச் சுருக்கமாகப் பேச வராது. நீண்ட செய்தியின் சாரம் இதுதான்: நம் தோட்டத்தை யாரும் விற்றுவிடக் கூடாது, நம் லயங்கள் நிலைக்க வேண்டும் என்பதற்காகக் கிராணியம்மா தன் உடலை வருத்தி நொண்டி வேண்டுதல் இருந்து வருகிறார், வரும் வெள்ளிக்கிழமை மாலை அவர் மாரியம்மன் கோயிலை மூன்று சுற்று நொண்டியடித்து வந்து வேண்டுதலை முடித்துவைப்பார், பொங்கல் உண்டு, அனைவரும் வருக.

“தோட்டத்த விக்கப் போறாங்களா?” என்று கேட்டான் ஹரிதாஸ்.

“இல்ல லா! யாரு சொன்னா?”

“அப்ப ஒன் வேண்டுதல் பலிச்சிருச்சு” என்று சொல்லிவிட்டு, அவள் எறிந்த காலுறைப் பந்தை ஒரு கையால் பிடித்தான்.

சுபத்ரா சிங்காரத்தைத் தேடிப் போய் உண்மையைச் சொல்ல முயன்றாள். “தலைவரே, அது வேண்டுதல்னு இல்ல...” என்று தொடங்குவதற்குள் அவர், “வெளிய சொல்லக் கூடாதும்மா, பலன் போயிரும்” என்று கையமர்த்திவிட்டார். மேனேஜர் அலுவலகத்தில் அவளைக் கூப்பிட்டுத் தோட்டத்தின் மீது அவள் வைத்திருக்கும் அக்கறையைப் பாராட்டினார். அதன் பிறகு பின்வாங்க வழியே இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை கோயிலடியில் ஒரு கூட்டம். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி பங்களாதேஷ் தொழிலாளிகள்கூட வந்திருந்தார்கள். சிங்காரம் சுபத்ராவின் கழுத்தில் மாலை போட்டு, அவள் பெருமைகளைப் பேசத் தொடங்கி, தோட்டத்தின் வரலாற்றுக்குள் போய், வெளியே வர வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு வழியாக உடுக்கை ஒலித்தது. சேலைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு சுபத்ரா குதிக்கத் தொடங்கினாள். பழகியதற்குப் பலன் இருந்தது. முதல் பக்கத்தைத் தடுமாறாமல் கடந்தாள். லோஷினியும் பிள்ளைகளும் கூடவே ஓடினார்கள்.

கோயிலின் பின்பக்கம் சரிவு. கூட்டத்தின் கண்ணுக்கு மறைவு. ஈரக்கல்லில் சுபத்ராவின் இடது முழங்கால் பழைய கருத்தையே மறுபடியும் தெரிவித்தது. அவள் சட்டென்று வலது காலை ஊன்றினாள். யாரும் பார்க்கவில்லை. காலைத் தூக்கிக்கொண்டு தொடர்ந்து போயிருக்கலாம்.

“அம்மா! கால வச்சிட்டீங்க! அவுட்!”

லோஷினிக்கு எப்போதும் கணீரென்ற குரல். உடுக்கை நின்றது. சிங்காரம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் தோட்டமே வந்தது.

“என்னாம்மா சொல்ற?”

“கால வச்சா அவுட்டு தாத்தா. அடுத்த ஆள்தான் போகணும்” என்று லோஷினி விளக்கினாள்.

சுபத்ரா மாலையோடு அந்த ஈரக்கல்லில் உட்கார்ந்தாள். தன்னைச் சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“வேண்டுதலே இல்ல தலைவரே” என்றாள். “என் மகளுக்கு நொண்டி அடிக்க வரல. டீச்சர் சொன்னாங்க. சொல்லிக் குடுக்கலாம்னு பாத்தா எனக்கும் வரல. வெக்கமா இருந்துச்சு. யாரும் பாக்காமப் பழகினேன். வடிவம்மா பாத்துட்டாங்க. ஆத்தாளுக்கான்னு கேட்டாங்க. ‘ம்’னு சொல்லிட்டேன். அவ்வளவுதான். பாபரா, ஒங்கிட்டயும் ஒண்ணு சொல்லணும். என் மக ஒன் பையனக் கடிச்சதுக்கு நான் வந்து மன்னிப்புக் கேட்டிருக்கணும். அதுக்கும் வெக்கமா இருந்துச்சு.”

பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்ற ஹரிதாஸ்தான் முதலில், “அப்ப நான் குடிக்கிறதில்லன்னு இப்பவாச்சும் நம்புவீங்களா?” என்று பொதுவாகக் கேட்டான்.

வடிவம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “இதுக்கா இவ்வளவும்? எங்ககிட்டக் கேட்டிருந்தா ஒரே நாள்ல சொல்லித் தந்திருப்போமே!”

“கேக்கணும்னு தோணல வடிவம்மா.”

“தோணாததே நல்லதாப் போச்சு. கேட்டிருந்தா யாரு வந்திருப்பா? கிராணியம்மாவுக்குத் திமிருன்னு நெனைச்சிருப்போம்.” அவள் சிங்காரத்தைத் திரும்பிப் பார்த்தாள். “தலைவரே, என் வேண்டுதல் நெசம். முட்டி வலி நெசம். மிச்சச் சுத்த நான் முடிக்கிறேன். யாரு வர்றா?”

சிங்காரம் தர்மசங்கடத்தில் நின்றார். கோயில் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. பொங்கல் ஆறிக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது. “ஆத்தா பேர்ல போங்க” என்றார்.

பிள்ளைகள் ரயிலானார்கள். லோஷினிதான் முன்னால். அவளுக்குப் பின்னால் நிக்கலஸ், அப்புறம் மற்றவர்கள், அவர்களுக்குப் பின்னால் சுபத்ராவும் மற்றத் தாய்களும். கடைசியில், கூட்டம் பிடித்துத் தள்ளியதில், சிங்காரமே ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் வேலம்மாவின் கணவனுடைய தோளையும் பிடித்துக்கொண்டு குதித்தார். ஏழாம் வாய்ப்பாடு மாரியம்மனைச் சுற்றி முழங்கியது.

இரண்டாவது சுற்றில், அதே பின்பக்கச் சரிவில், நிக்கலஸ் வழுக்கி விழுந்தான். முட்டி சிராய்த்துவிட்டது. லோஷினியின் தோளிலிருந்து அவன் கை விலகியதும் அவள் நின்றாள். அவள் நின்றதும் ரயில் முழுக்க ஒன்றன்மேல் ஒன்று மோதியது. “போ லா, போ!” என்று பின்னாலிருந்து குரல்கள். சிங்காரத்தின் குரலும் அதில் இருந்தது, ஏனென்றால் அவரால் அதிக நேரம் ஒற்றைக் காலில் நிற்க முடியாது.

“நிக்கலஸ் எந்திரிக்கட்டும்” என்றாள் லோஷினி.

அவள் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அழப் போகிறானா என்று பார்த்தாள். கையை நீட்டினாள். நீட்டும்போது எந்தக் கை, கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்கவில்லை. அவன் பிடித்து எழுந்தான். அவன் கை மறுபடி தன் தோளில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவள் குதித்தாள். தாய்களில் முதலாவதாக நின்ற சுபத்ரா அதைப் பார்த்துக்கொண்டே குதித்தாள். வாய்ப்பாட்டை ஓரிடத்தில் அவளே தப்பாகச் சொன்னாள்.

பொங்கல் வாழையிலையில் வந்தது. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் கோயில் திடலில் ஏதோ புது விளையாட்டு கண்டுபிடித்து, அதற்கு விதி வகுப்பதில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். லோஷினியின் குரல் உரக்கக் கேட்டது, பிறகு தணிந்து கேட்டது, பிறகு மற்றவர்களின் குரலோடு கலந்துவிட்டது. சுபத்ரா பெண்கள் உட்கார்ந்திருந்த சிமெண்ட் திட்டில் வடிவம்மாளுக்கும் பார்பராவுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படி அவள் உட்கார்ந்து தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை.

பார்பரா, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தன் கணவனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவன் போன் பண்ணுவதில்லை, பண்ணினாலும் சாப்பிட்டியா என்பதைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. சுபத்ராவுக்கு உடனே இதற்கு மூன்று தீர்வுகள் தோன்றின. முதல் தீர்வைச் சொல்ல வாயைத் திறந்தாள். பார்பரா இன்னும் முடிக்கவில்லை என்பதைக் கவனித்து, மூடிக்கொண்டாள்.

“சுபா, கெளம்பலாமா? குளிருது” என்று ஹரிதாஸ் காரிலிருந்து கூப்பிட்டான்.

அவள் திரும்பாமலே, இரு என்று கையால் காட்டினாள். “நீ சொல்லு பாபரா, அப்புறம்?” என்றாள்.